33 பிள்ளைகள், 300 சதுர அடி: வடசென்னைக் காப்பகம் ஒன்றின் பணமும் நேரமும்

கொருக்குப்பேட்டைக்கும் வியாசர்பாடிக்கும் இடையே வாரியக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளம். 20 அடிக்கு 15 அடியில் ஓர் அறை, ஒட்டினாற்போல் சமையல் மேடை, ஒரு கழிவறை, வெளியே 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி. காலையிலிருந்து மாலை 4 மணிவரை அங்கன்வாடி. அதே இடத்தில் நாள் முழுக்க 25 குழந்தைகளுக்குக் காப்பகம். இந்த ஆய்வில் வருவது முகவரியுள்ள ஒரு மையம் இல்லை. தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் வழக்கமாக இருக்கும் நிலைமைகளைத் திரட்டி அமைத்த மாதிரி மையம். குழந்தைகளின் எண்ணிக்கை, அறையின் அளவு, தாய்மாரின் வேலை நேரம் எல்லாம் அந்த மாதிரிக்குரியவை. விதிமுறைகளும் நிதிப் பங்கீடும் அரசு வகுத்தவை.

மையத்துக்குப் பணமே வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. சுவருக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. டிவி மாட்டியாகிவிட்டது. குடிநீர் சுத்திகரிப்புக் கருவியும் வந்திறங்கிவிட்டது. ஆனால் காலை 6.45 மணிக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பும் அம்மா வந்து பார்த்தால் கதவில் பூட்டுத் தொங்குகிறது. 11 மணிக்கு உள்ளே எட்டிப் பார்த்தால் 33 பிள்ளைகளுக்கு இரண்டே பெரியவர்கள். தரத்தை உயர்த்த ஒதுக்கிய பணம் படம் எடுக்கத் தோதான பக்கமாகவே போய்விடுகிறது. ஏழைக் குடும்பத்துக்குத் தரம் என்பது இரண்டே விஷயம்: கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, உள்ளே எத்தனை பேர் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டுக்கும் மாதாமாதம் பணம் வேண்டும். மற்றவை பெரும்பாலும் ஒருமுறைச் செலவு.

அம்மாமார்களின் கடிகாரம்

காப்பகத்தில் இருக்கும் 25 குழந்தைகளின் தாய்மார்களை இப்படிப் பிரிக்கலாம். 9 பேர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், 6.45-க்கு வீட்டைப் பூட்டுகிறார்கள். 6 பேர் தூய்மைப் பணியாளர்கள், வருகைப் பதிவுக்கு நிற்க 5.45-க்கே கிளம்ப வேண்டும். 4 பேர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில், 8.30-க்குப் புறப்பாடு. 4 பேர் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்பவர்கள், விடியற்காலை 3 மணிக்கே துறைமுகத்தில் இருக்க வேண்டும். மீதி 2 பேர் வீட்டிலிருந்தே அட்டைப்பெட்டி ஒட்டுபவர்கள்.

இங்கே கணக்கெடுப்பில் ஒரு தப்பு வழக்கமாக நடக்கிறது. “எத்தினி மணிக்கு வேலைக்குக் கெளம்புவீங்க?” என்று கேட்டால் மீன் விற்கும் அக்காவின் பதில் எல்லோரையும் மலைக்க வைக்கும். விடியற்காலை 3 மணிக்கு எந்தக் காப்பகத்தைத் திறப்பது? உடனே அந்த நால்வரையும் “நம்மால் முடியாது” என்ற பட்டியலில் தள்ளிவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: “அந்த நேரத்துல புள்ள யாருகூட இருக்கும்?” 3 மணிக்குப் பிள்ளை பாட்டி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது. 8 மணிக்குமேல் பாட்டிக்கும் வேலை இருக்கிறது, இடுப்புவலியும் இருக்கிறது. மீன் விற்ற அம்மா மதியம் 2 மணிக்குள் திரும்பிவிடுவார். ஆக, கடினம் என்று நினைத்த குடும்பத்துக்குத் தேவைப்படுவது 8.30 முதல் 2 மணிவரை மட்டுமே. பாட்டி இல்லாத வீட்டுக்கு இது பொருந்தாது. அப்படிப்பட்ட குடும்பத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனவே கணக்கெடுப்புத் தாளில் காலை 5 முதல் இரவு 8 வரை மணிக்கொரு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளை யாரிடம் என்பதை மட்டும் எழுதுங்கள்: அம்மா, அப்பா, பாட்டி, அக்கா, பக்கத்து வீடு, யாருமில்லை. “அக்கா” என்று வரும் கட்டங்களுக்கு அடிக்கோடு போடுங்கள். அந்த அக்காவுக்குப் பெரும்பாலும் 9 அல்லது 10 வயது இருக்கும்; அவள் பள்ளிக்குத் தாமதமாகப் போவதோ போகாமலே நின்றுவிடுவதோ தொடங்குவது அந்தக் கட்டத்தில்தான்.

இப்படி நிரப்பினால் கணக்கு தெளிவாகிவிடும். கதவு 8.30-க்குத் திறந்தால் 10 குடும்பங்களுக்குப் போதும். 6.30-க்குத் திறந்தால் வீட்டு வேலைக்குப் போகும் 9 பேரும் சேர்ந்து 19. மிச்சம் தூய்மைப் பணியாளர்களின் 6 பிள்ளைகள். அவர்களுக்காக 5.45-க்குத் திறக்கலாமா என்றால், எங்கள் கருத்தில் வேண்டாம். அந்நேரத்துக்கு இரண்டாவது ஆள் கிடைப்பது அரிது. ஒரே ஆள் கையில் கைக்குழந்தைகளை விட்டுக் கதவைச் சாத்துவது காப்பகமே இல்லாததைவிட மோசம். இதற்கு நேரான வழி வருகைப் பதிவு நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளுவது. நகரைச் சுத்தம் செய்யும் வேலை மாநகராட்சியின் பொறுப்பு, காப்பகத்துக்கு வருவதும் பொதுப்பணம். மூன்று வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ளவர்கள் மட்டும் 6.45-க்குக் கிளம்பும்படி மாற்றினால் யாருக்கும் ஒரு பைசா கூடுதல் செலவில்லை. ஆனால் யாரிடம் கேட்பது என்பதே இப்போது சிக்கலாகிவிட்டது. 5, 6-ஆம் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனதும், அதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் பணியாளர்கள் உட்கார்ந்ததும் தெரிந்த செய்தி. ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி இல்லாவிட்டால் அதைக் கேட்க ஆளே இல்லை.

எந்தப் பணம் எதற்குச் செல்லும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54 ஆயிரம் மையங்கள். 2021 முதல் இது ‘சக்ஷம் அங்கன்வாடி, போஷன் 2.0’ என்ற பெயரில் நடக்கிறது. காப்பகத்தின் வழி தனி. 2006-இல் ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம் வந்தது. 2017 ஜனவரி 1 முதல் மத்திய அரசு 60, மாநில அரசு 30, நடத்தும் தொண்டு நிறுவனம் 10 என்று பங்கு பிரித்தார்கள். அந்த 10 பங்கைப் புரட்ட முடியாத நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. 2022-இல் ‘மிஷன் சக்தி’யின் கீழ் ‘பால்னா’ என்று மாற்றி, அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களுக்கு 60:40 என்ற மத்திய, மாநிலப் பங்கீட்டில் பணம் தருகிறார்கள். 6 மாதம் முதல் 6 வயதுவரை சேர்க்கலாம். அம்மா வேலைக்குப் போகிறாரா என்ற நிபந்தனை கிடையாது. அங்கன்வாடியின் பணியாளர், உதவியாளர் போக, காப்பகப் பணியாளர் ஒருவரும் காப்பக உதவியாளர் ஒருவரும் கூடுதலாக வருவார்கள்.

உணவுக்கான பங்கீடு 50:50. பணியாளருக்கு மத்திய அரசு 2018 அக்டோபரில் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. தமிழ்நாடு அதற்கு மேல் சிறப்புக் காலமுறை ஊதியம் போட்டுத் தருவதால்தான் இங்கே மையங்கள் ஓடுகின்றன. வட மாநிலங்களின் போராட்டச் செய்திகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒருமுறைப் பணத்துக்குக் குறைவில்லை. சக்ஷம் தரமுயர்த்தலில் மையத்துக்கு 1 லட்சம் ரூபாய். டிவி, சுத்திகரிப்புக் கருவி, சுவர்ப்படங்கள், காய்கறித் தோட்டம் எல்லாம் அதில் வரும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. மாமன்ற உறுப்பினருக்கு வார்டு நிதி உண்டு. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதி அரசு போடும். 2024 மார்ச் 14-இல் தங்கசாலையில் தொடங்கிவைத்த வடசென்னை வளர்ச்சித் திட்டம் வேறு இருக்கிறது. இவை எல்லாமே சொத்து உருவாக்கும் பணம். கூரை போடலாம், கழிவறை கட்டலாம், சம்பளம் கொடுக்க முடியாது.

மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் பெரிய ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி ஒன்றுதான் இரண்டு பக்கமும் செல்லும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம். அதில் ஆள் சம்பளம் கேட்கலாம், சட்டத்தில் தடையில்லை. ஆனால் 2021-இல் திருத்திய விதிப்படி ‘தொடர் திட்டம்’ என்றாலும் தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டுகள்தான். அதற்கு அடுத்த ஆண்டு என்ன என்ற கேள்வியை விண்ணப்பம் எழுதும் அன்றே எழுப்பியாக வேண்டும். பெரும்பாலும் எழுப்புவதில்லை.

இன்னும் ஒரு வழி பலருக்குத் தெரிவதில்லை. உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13-இல் தந்த உத்தரவுப்படி, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் கொடுத்தாக வேண்டும். வாரியக் கட்டடங்களை இடித்துக் கட்டும்போது குடும்பங்கள் வாடகை வீடுகளுக்குச் சிதறிவிடுகின்றன. பழைய மையத்தின் பதிவேட்டில் ஆள் குறைந்து, புதிய தெருவில் மையமே இல்லாத நிலை வருகிறது. அப்போது இந்த உத்தரவைக் கையில் எடுக்கலாம். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கையெழுத்து, கதவு எண் என 40 வரிப் பட்டியல். அதைக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் மூன்று மாதம் எந்த நாளிலிருந்து என்று காட்ட வழியில்லை.

11 மணி

காப்பகத்துப் பிள்ளைகள் 25. அதில் மூன்று வயதுக்குக் கீழ் 12, மேல் 13. இவர்களோடு முன்பருவக் கல்விக்கும் மதிய உணவுக்கும் மட்டும் வரும் 8 பேர். ஆக மொத்தம் 33. மகப்பேறு சட்டத் திருத்தத்துக்குப்பின் வந்த தேசியக் குறைந்தபட்ச வழிகாட்டுதல் மூன்று வயதுக்குக் கீழ் 10 குழந்தைக்கு ஒருவர், மேலே 20-க்கு ஒருவர் என்கிறது. கம்பெனிக் காப்பகங்களுக்காக எழுதியது என்றாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 12 பேருக்கு இருவர், 21 பேருக்கு இருவர், கூட்டினால் நால்வர். பதிவேட்டிலும் நால்வர்தான். பார்த்தால் கணக்கு கச்சிதமாக இருக்கிறது.

இப்போது 11 மணிக்கு அந்த நால்வர் எங்கே? அங்கன்வாடி உதவியாளர் அடுப்படியில். 33 பேருக்குச் சோறு, முட்டை நாளென்றால் அவித்து உரிப்பது, நடுவில் தண்ணீர் லாரி வந்தால் குடம் பிடிப்பது. பணியாளர் பாட்டும் கதையும் நடத்திக்கொண்டே போஷன் டிராக்கர் செயலியில் வருகை ஏற்றுகிறார். வாக்காளர் பட்டியல் வேலை நடக்கும் மாதங்களில் வாக்குச்சாவடி நிலை அலுவலராகத் தெருவில் இருக்கிறார். மிஞ்சுவது காப்பகத்தின் இருவர். அதில் ஒருவர் கழுவிவிட ஒரு பிள்ளையைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அறைக்குள் ஒரே ஆள்.

மதியச் சாப்பாட்டில் இது பளிச்சென்று தெரியும். மூன்றுக்குக் கீழ் உள்ள 12 பேரில் 5 பேர் ஒன்றரை வயதுக்கும் கீழே. ஊட்டித்தான் ஆக வேண்டும். பொறுமையாக ஊட்டினால் ஒரு பிள்ளைக்கு 15 நிமிடம். ஒருவரே ஊட்டினால் 75 நிமிடம். 12.15-க்குத் தொடங்கினால் கடைசிப் பிள்ளையின் வாயில் முதல் கவளம் போகும்போது 1.15 ஆகிவிடும். அதற்குள் அது அழுது களைத்துத் தூங்கியிருக்கும். பதிவேட்டில் ‘உணவு வழங்கப்பட்டது’ என்றே இருக்கும். அதில் பொய்யில்லை, தட்டு முன்னால்தான் இருந்தது. எடை ஏறாத பிள்ளையைக் கண்டால் சத்து மாவைக் கூட்டச் சொல்வதற்குமுன், ஊட்டியது யார், எத்தனை மணிக்கு என்று கேட்பது பயனுள்ளது.

சரிசெய்ய முதல் படிக்குப் பணம் வேண்டாம். காப்பகத்தின் இருவரையும் ஒரே நேரத்தில் வரவழைக்காதீர்கள். பணி நேரம் ஏழரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், காப்பகப் பணியாளர் 6.30 முதல் 2 மணிவரை, உதவியாளர் 11 முதல் 6.30 வரை. 11-லிருந்து 2 வரை இருவரும் உள்ளே இருப்பார்கள். ஊட்டலும் தூங்கவைத்தலும் அந்த மூன்று மணி நேரத்தில் வருகிறது. கதவும் 12 மணி நேரம் திறந்திருக்கும்.

ஆனால் காலையில் 11 வரையிலும், அங்கன்வாடி முடிந்த 4 மணிக்குப்பின் 6.30 வரையிலும் காப்பகத்துக்கு ஒரே ஆள்தான். அங்கேதான் பணம் வேண்டும். அதே குடியிருப்பில் வசிக்கும் இரண்டு பெண்கள்: ஒருவர் காலை 6.30 முதல் 11, இன்னொருவர் மாலை 4 முதல் 6.30. சேர்த்து நாளுக்கு 7 மணி நேரம், மாதம் 26 நாளுக்கு 182 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தால் மாதம் 10,920, ஆண்டுக்கு 1,31,040, பிள்ளைக்கு மாதம் 437. உங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு மணிக்கூலி 80 என்றால் அதைப் போட்டுப் பாருங்கள். அதற்குக் குறைவாகக் கொடுத்தால் ஆள் நிற்காது. சுவரும் டிவியும் ஒருமுறை வாங்கிய ஒரு லட்சத்தோடு இதை ஒப்பிட்டால் ஆண்டுக்கு 31 ஆயிரம்தான் கூட. வித்தியாசம், இது ஆண்டுதோறும் வர வேண்டும்.

ஒரே ஆளை இரு வேளையும் வரச் சொல்லி நேரத்தைப் பிளப்பது சிக்கனமாகத் தோன்றும். செய்ய வேண்டாம். நடு நேரத்துக்கு வேறு வேலை கிடைத்ததும் மாலையில் வராமல் போவார்.

இடம்

300 சதுர அடி. பழைய காப்பகத் திட்ட அளவு ஒரு குழந்தைக்கு 6 முதல் 8 சதுர அடி. தேசிய வழிகாட்டுதல் 10 முதல் 12. முன்னதன்படி 33 பேருக்கு 198 முதல் 264, இடம் இருக்கிறது. பின்னதன்படி 330-க்குக் குறையக்கூடாது, இடம் இல்லை. எந்த விதியைக் காட்டி எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து அதே அறை போதுமானதாகவும் போதாததாகவும் இருக்கும். கூடுதல் அறை கேட்கும் மனுவில் இரண்டையும் எழுதிக் காட்டுவது பலன் தரும்.

தூக்க நேரத்தில் பாய்தான் அளவுகோல். 2 அடிக்கு 4 அடிப் பாய் ஒன்று 8 சதுர அடி. 25 பாய்க்கு 200. நடக்க இடைவெளி விட்டால் அறை நிரம்பிவிடும். தூங்காத பிள்ளை விளையாட இடமில்லை, அதனால் அதையும் அதட்டிப் படுக்கவைப்பார்கள். தாழ்வாரத்தில் 6 அடி நீளத்துக்குத் தடுப்புக் கம்பி போட்டு, 4 வயதுக்கு மேற்பட்ட ஐந்தாறு பேரை ஒருவர் பார்வையில் அங்கே விட்டால் போதும். வார்டு நிதியில் எளிதாக முடியும் வேலை இது. அதே நிதியில் கேட்க வேண்டிய மற்றொன்று சிறுவர் கழிவறைப் பீங்கான். பெரியவர் பீங்கானில் இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கால் எட்டாது; பயந்து அடக்கும், பிறகு பாயில் போகும். அழுக்குப் பாய் சேர்ந்தால் துவைக்க ஒரு ஆள் போய்விடுவார். தண்ணீர் டிரம், தொட்டி எதற்கும் பூட்டும் மூடி. கால் டிரம் தண்ணீர் போதும் ஒரு குழந்தை மூழ்க.

சாப்பாடு

இணை உணவுக்கு 2017-இல் நிர்ணயித்த செலவு வரம்பு குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய், கடும் எடைக்குறைவுள்ள குழந்தைக்கு 12. அப்போதைய இலக்கு 500 கிலோ கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும்; கடும் எடைக்குறைவுக்கு 800, புரதம் 20 முதல் 25 கிராம். கலவைச் சாதமும் வாரம் மூன்று முட்டையும் தமிழ்நாடு தன் பணத்தையும் சேர்த்துப் போடுவதால் கிடைப்பவை. 8 ரூபாயில் ஒரு முட்டை வாங்கினால் மிச்சம் எவ்வளவு என்பது கடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

500 கலோரி என்பது சில மணி நேரம் வந்துபோகும் பிள்ளையை நினைத்து வைத்த அளவு. 6.30 முதல் 6.30 வரை இருக்கும் பிள்ளை நாளின் பெரும்பகுதி உணவை இங்கேதான் சாப்பிடும். மூன்று வயதுக்குள் நாளுக்கு ஏறத்தாழ 1,100 கலோரி வேண்டும், நாலிலிருந்து ஆறுக்குள் 1,350. காலையில் டீயில் நனைத்த பொரையோடு வரும் பிள்ளைக்கு 7.30-க்குச் சத்து மாவுக் கஞ்சி, மாலை 4-க்குச் சுண்டல் அல்லது வாழைப்பழம் என இரண்டு வேளை கூட்ட வேண்டும். மாவு வீட்டுக்கும் கொடுத்தனுப்பப்படுகிறது. அங்கே அது வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்காகிவிடுவது இயல்புதான். ஊட்டச்சத்துப் பாக்கெட்டைப் பதிவுப்படி ஒப்படைப்பதோடு, மையத்திலும் காய்ச்சிக் கொடுக்கத் தனி ஒதுக்கீடு கேட்க வேண்டும். சுண்டல் விஷயத்தில் ஒரு கண்டிப்பு: மூன்று வயதுக்குக் கீழ் முழுக் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் கூடாது, மூச்சுக்குழலில் மாட்டும். மசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் இருந்தால் அன்று சேர்ப்பதில்லை. மூக்கு ஒழுகினால் சேர்க்கலாம். எல்லாச் சளிக்கும் திருப்பி அனுப்பினால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். மறுவாரம் காய்ச்சலை மாத்திரை கொடுத்து மறைத்துக் கொண்டுவந்து விடுவார்.

எடை, உயரம்

தேசியக் குடும்பநல ஆய்வு 5-இன்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 25 சதவீதம், உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள் 14.6 சதவீதம். ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் 2022 மே மாதம் தொடங்கிய பிறகு எடை பார்ப்பது கூடியிருக்கிறது. ஆனால் அளவு தப்பினால் பட்டியலும் தப்பும். இரண்டு வயதுக்குக் கீழ் படுக்கவைத்தும், அதற்கு மேல் நிற்கவைத்தும் அளக்க வேண்டும். நிற்கும் உயரம் படுத்த நீளத்தைவிட ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் குறைவாக வரும். முறை மாறினால் இந்த 0.7-ஏ ஒரு பிள்ளையை மெலிவு வரம்புக்கு உள்ளேயோ வெளியேயோ தள்ளிவிடும். எடை இயந்திரத்தை ஏறி இறங்கும் பழைய தரையில் வைக்காமல் ஒரு கடப்பைக் கல்லின்மேல் வையுங்கள். ஈர ஜட்டியோடு ஏற்றாதீர்கள். மேல்கைச் சுற்றளவு நாடாவில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் வந்தால் அடுத்த மாதத்துக்குக் காத்திராமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம்.

பணம் எங்கே நிற்கும்

கேட்ட நிதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் ஆட்களின் 1,31,040 ரூபாய்க்கு ஓர் ஆலையின் சமூகப் பொறுப்பு நிதி ஒப்புக்கொண்டது. முதல் தவறு, அதை டிவிக்கும் பெயின்டுக்கும் சேர்த்து ஒரே தலைப்பில் எழுதுவது. தணிக்கையில் ‘மூலதனம்’ என்ற பெட்டிக்குள் போய்விடும். சம்பளத்துக்குத் தனி வரி, ஒவ்வொரு மாதமும் 10,920 என்று பிரித்த அட்டவணை, இரண்டு பெண்களின் வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம். இரண்டாவது, ஆலையின் நிதி முடிந்த பிறகு வரும் ஆண்டு. இரண்டாம் ஆண்டின் ஜனவரியிலேயே, மாநகராட்சி வரவுசெலவுத் திட்டம் தயாராவதற்குமுன், மாமன்ற உறுப்பினர் வழியாக மண்டலக் கூட்டத்தில் தீர்மானம் வைக்க வேண்டும். ‘தரமான காப்பகம் வேண்டும்’ என்று மொட்டையாக எழுதாமல், 6.30-க்குத் திறந்ததால் வந்த கூடுதல் 9 பிள்ளைகளின் வருகைப் பதிவைப் பின்னிணைப்பாகக் கொடுங்கள்.

அதற்காகத்தான் வாசல் கதவில் ஒரு தாளை ஒட்டச் சொல்கிறோம். அன்றன்று நாலு எண்கள்: கதவு திறந்த நேரம், 11 மணிக்கு அறைக்குள் இருந்த பெரியவர்கள், 1.15-க்குள் சாப்பிட்டு முடித்த கைக்குழந்தைகள், கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போன நேரம். செயலி வருகையைத்தான் எண்ணுகிறது; இந்த நாலையும் கேட்பதில்லை. சாயங்காலம் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் இருக்கட்டும். எழுதுகிறவர் பணியாளராக இல்லாமல் காலை வரும் பகுதிநேரப் பெண்ணாகவும் மாலை வருபவராகவும் இருந்தால் இன்னும் நம்பகம்.

மூன்றாவது சிக்கல் ஏப்ரல், மே, ஜூன். நிதியாண்டு புரளும்போது முந்தைய ஆண்டின் பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்து, அடுத்த தவணை இறங்கும்வரை சம்பளம் நிற்கும். மாதம் நாலாயிரம், ஏழாயிரத்துக்கு வந்த பெண் இரண்டு மாதம் பணமில்லாமல் காத்திருக்க மாட்டார்; பக்கத்து மால் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய்விடுவார். பிறகு பணம் வந்தாலும் பிள்ளைகளுக்குப் பழகிய முகம் வராது. இந்த இடைவெளிக்குப் பெற்றோர் கட்டணத்தைப் பயன்படுத்தலாம். பழைய தேசியக் காப்பகத் திட்டம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மாதம் 20 ரூபாய், பெற்றோர் இருவர் வருமானம் 12,000 வரை என்றால் 100, அதற்கு மேல் 200 என்று வைத்திருந்தது. அதே அளவில் 10 குடும்பம் 20 ரூபாயும் 15 குடும்பம் 100 ரூபாயும் கொடுத்தால் மாதம் 1,700, ஆண்டுக்கு 20,400. கூடுதல் ஆட்களின் சம்பளத்தில் கிட்டத்தட்ட இரண்டு மாதம். எனவே இந்தப் பணத்தில் பொம்மையும் வாங்கக்கூடாது, ஆண்டுவிழாவும் நடத்தக்கூடாது. பெற்றோர் குழுவில் இருவரும் பணியாளரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டுக் கணக்கில் போட்டு மார்ச் 31 வரை தொடாமல் வைத்து, ஏப்ரல் மாதச் சம்பளத்தை அதிலிருந்து கொடுத்து, தவணை இறங்கியதும் எடுத்ததை அதே கணக்கில் திரும்பப் போட வேண்டும்.